பாக்கு வந்துடுச்சு, பொண்ணு வரல

தம்பி, கனவுல எனக்கு இன்னும் குரல் இருக்கு. விடியக்காலையில, கடல் காத்து ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கி விடுற நேரத்துல, நான் யாரையோ கூப்பிட்டுக்கிட்டே நடக்கிறேன். யாரு, எந்தத் தெரு, ஒண்ணும் தெரியல. ஆனா தொண்டை நல்லா அதிருது, நெஞ்சுக்கூடு வரைக்கும் கிர்ருங்குது. முழிச்சுப் பாத்தா உங்கம்மா என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. "தூக்கத்துல இன்னா பேசறீங்க? உதடு மட்டும் ஆடுது"ங்கறா. நான் சிரிக்கிறேன். சிரிப்புலயும் சத்தம் இல்ல, கழுத்துல இருக்கிற துளையில புஸ்ஸுனு காத்து போவுது, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணி குரல்வளையை எடுத்ததுல இருந்து என் மூச்சு அந்த வழியாதான் போய் வருது. மூக்கும் வாயும் வேலை போன ஆளுங்க மாதிரி சும்மா கெடக்குது. எழுந்திருக்க மனசு வராம, அந்தக் கனவுக் குரலோட மிச்சம் தொண்டையில எங்கனா ஒட்டிக்கிட்டு இருக்குமான்னு தடவிப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.

நீ குவைத்துல இருந்து வெள்ளிக்கிழமையானா வீடியோவுல கூப்பிடற. நான் முகத்தைக் காட்டி வாயைத் திறக்கிறதுக்குள்ள, "அப்பா, நீ பேசாத, கஷ்டப்படாத, அம்மாகிட்ட குடு"ங்கற. பாசத்துலதான் சொல்ற, தெரியும். ஆனா எனக்குச் சுருக்குனு இருக்கு, கோவமும் வருது. அதான் எழுதறேன். உன் நிச்சயதார்த்தத்துல இன்னா நடந்துதுன்னு உங்கம்மா ஒரு கதை, உன் பெரியப்பா ஒரு கதை சொல்லியிருப்பாங்க. லீவு கெடைக்காம நீ அங்கயே இருந்துட்ட, இனிமே கல்யாணத்துக்குத்தான் வரப்போற. நடந்ததை நானே சொல்லணும்னு ஆசை. எழுத்துல சொன்னா ஒரு சௌகரியம், நடுவுல புகுந்து என் வாயை அடைக்க உன்னால முடியாது பாரு.

நம்ம வழக்கம் உனக்குச் சரியா ஞாபகம் இருக்குமோ இல்லையோ. நிச்சயத்துல தட்டு மாத்தும்போது மாப்பிள்ளையோட அப்பன் தட்டைக் கையில புடிச்சுக்கிட்டு, "பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு"ன்னு மூணு தடவை சொல்லணும். சபைக்குக் கேக்கற மாதிரி சொல்லணும். அந்தப் பக்கத்துல இருந்து, "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு"ன்னு பதில் வந்தாதான் நிச்சயம். வாய்ச்சொல் இல்லாம தட்டு மாத்தினா அது யாரோ விருந்தாளிக்குத் தேங்கா பழம் குடுத்த கணக்குதான். இதை நெனச்சுதான் நீ முன்னாடியே, "பெரியப்பா சொல்லட்டும்ப்பா"ன்னு சொன்ன. அது போதாதுன்னு, என் பழைய வாய்ஸ் மெசேஜை எல்லாம் வெட்டி ஒட்டி, என் குரல்லயே போன்ல போட்டுடலாம்னு சொன்ன. அன்னைக்கு நான் போனை உங்கம்மா மடியில போட்டுட்டு மாடிக்குப் போனேன் இல்ல, அது பாத்ரூம் போறதுக்கு இல்ல. எம்மவனுக்குப் பொண்ணு கேக்கறது நான். நான் குத்துக்கல்லாட்டம் எதிர்லயே நிக்கும்போது, செத்தவன் குரலைப் போடற மாதிரி போன்ல போடுவீங்களா? சொன்னா நான் சொல்றேன், இல்லன்னா நிச்சயமே வேணாம்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன். ரொம்ப வீம்புதான். வீம்பு இல்லாம நான் எப்படா இருந்தேன்?

கதிர்காமத்து ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு இருக்கு. உன் வயசுதான் இருக்கும். முதல் நாளே பலகையில ஒரு மனுசன் தலையைப் பக்கவாட்டுல ரெண்டா அறுத்த மாதிரி படம் போட்டுச்சு. "ஐயா, பேச்சுக்கு மூணு வேலை. நெஞ்சுல இருந்து காத்து வரணும், தொண்டையில ரெண்டு சவ்வு அதிர்ந்து அதைச் சத்தமாக்கணும், வாய் அந்தச் சத்தத்தை எழுத்தாக்கணும். உங்களுக்கு நடு வேலைதான் போச்சு. வாய் அப்படியே இருக்கு"ன்னு சொல்லுச்சு. எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னாங்க, கோயில் விபூதி குடுத்தாங்க. இந்த ஒரு பேச்சுதான் எனக்குத் தெம்பு குடுத்துது. மூணுல ஒண்ணுதானே போச்சு.

அப்புறம் வாய்க்குள்ள எந்த எழுத்து எங்க பொறக்குதுன்னு ஒவ்வொண்ணா காட்டுச்சு. நான் காலையில படுத்துக்கிட்டே நாக்கை ஒரு நடை கூட்டிக்கிட்டுப் போவேன். உதடு நம்ம கடற்கரை ரோடு. ப-வும் ம-வும் அங்கயே நிக்குது. ரெண்டு எட்டு வச்சா பல்லு, அங்க த. இன்னும் உள்ள வந்து, வாய்க்கால் தாண்டி பெரிய மார்க்கெட்டு வந்த மாதிரி, நாக்கை மடிச்சு மேல தூக்கினா ட, ண. அதே இடத்துல நாக்கை மடிச்சு எங்கயும் இடிக்காம நிறுத்தினா ழ. அதையும் தாண்டி அண்ணத்து நடுவுல ச. கடைசியா பின்னாடி, ஊருக்கு அந்தப் பக்கம், மேட்டுப்பாளையத்துல க. இத்தனை வருசம் இந்த ஊருக்குள்ளயே நாக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நான் ஒரு நாளும் கூடப் போய்ப் பாக்கல. உயிரெழுத்துக்கு மட்டும் எந்த இடத்துலயும் முட்டல் இல்ல. ஆ-ன்னா நாக்கு படுத்துக்குது, ஈ-ன்னா முன்னாடி எழும்புது, ஊ-ன்னா பின்னாடி எழும்பி உதடு குவியுது. காத்து பாட்டுக்கு வருது. இதை நெனச்சுக்கிட்டே மறுபடியும் தூங்கிப் போயிடுவேன், உங்கம்மா வந்து காப்பி ஆறிப்போச்சுன்னு திட்டற வரைக்கும்.

பயிற்சி இன்னான்னா, வாயில இருக்கிற காத்தை நாக்கால பின்னாடி தள்ளி, சோறு போற குழாய்க்குள்ள அனுப்பணும். உடனே அது ஏப்பமா மேல வரும். அந்த ஏப்பத்தைப் புடிச்சுப் பேச்சாக்கணும். நான் பந்தியில ஏப்பம் விட்டா தொடையில கிள்ளுவா உங்கம்மா. இப்ப எதிர்ல உக்காந்துக்கிட்டு "இன்னொண்ணு விடுங்க, இன்னொண்ணு விடுங்க"ங்கறா. காலம் எப்படி ஆக்கிடுச்சு பாரு.

பள்ளிக்கூடத்துல வல்லினம், மெல்லினம், இடையினம்னு மனப்பாடம் பண்ணோம் இல்ல, அதுக்கு அர்த்தம் எனக்கு இந்த வயசுலதான் தெரிஞ்சுது. க, ச, ட, த, ப, ற எல்லாம் காத்தை அடைச்சு உடைக்கிற எழுத்து. அடைக்கும்போதே காத்து அமுங்கி குழாய்க்குள்ள போயிடுது, அதனால எனக்கு வல்லினம் முதல் வாரமே வந்துடுச்சு. மெல்லினத்துல வாய் அடைபடும், ஆனா பின்னாடி ஒரு சதை கீழ இறங்கி மூக்குக்கு வழி விட்டுடும். இருந்த கொஞ்சூண்டு காத்தும் அந்தப் பக்கம் கசிஞ்சு போயிடும். பக்கத்து பெஞ்சுல எனக்கு மாதிரியே ஆபரேஷன் ஆன ஒரு சொல்தா உக்காந்திருப்பாரு, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. அவரு பலகையில எழுதிக் காட்டினாரு: உங்களுக்கு மெய்யெழுத்துதான் மூக்குல போவுது, பிரெஞ்சுல உயிரெழுத்தே மூக்குலதான் போவும், என் பாடு உங்க பாட்டை விட மோசம். ரெண்டு பேரும் சத்தமில்லாம சிரிச்சோம்.

இப்ப நம்ம நிச்சய வாக்கியத்தை எடுத்துக்க. பாக்கு, எல்லா எழுத்தும் வல்லினம், ஜம்முனு வருது. பொண்ணுல ண்ண வருது இல்ல, அங்க காத்து மூக்குல ஓடிப்போயி, பொண்ணு கேட்டா பொட்டு வருது. "பாக்கு வந்துடுச்சு, பொண்ணு வரல"ன்னு பயிற்சி குடுக்கற பொண்ணே சிரிச்சுடுச்சு. உங்கம்மா சிரிக்கல. "அப்ப பாக்கை மட்டும் அவங்களுக்குக் குடுத்துட்டு வெறுங்கையா வந்துடுவீங்களா?"ன்னு கேட்டா. பஸ்ஸுல வீட்டுக்கு வர்ற வழி பூரா நான் ஜன்னல் பக்கம் திரும்பி "பொண்ணு, பொண்ணு"ன்னு வாயை ஆட்டிக்கிட்டு வந்தேன். முன் சீட்டுல இருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்து மொறைச்சது. இந்த வயசுல உனக்காக அந்தப் பேரும் வாங்கியாச்சு.

ஒரு நாள் அந்தப் பயிற்சிப் பொண்ணு உங்கம்மாவைக் கூப்பிட்டு, "பம்பரம்னு சொல்லுங்கம்மா. ஐயா, அவங்க தொண்டையில விரல் வச்சுப் பாருங்க"ன்னு சொல்லுச்சு. முதல் ப-வுக்குத் தொண்டை சும்மா இருக்கு, நடுவுல வர்ற ப-வுக்கு அதிருது. எழுத்து ஒண்ணுதான், ஆனா தொண்டை ஒண்ணுல தூங்குது, ஒண்ணுல முழிக்குது. உங்கம்மா வெக்கப்பட்டுக்கிட்டே திரும்பத் திரும்பச் சொன்னா. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல நான் அவ தொண்டையில கை வச்சதில்லை தம்பி. ஒரு புறாவைக் கையில புடிச்ச மாதிரி கதகதன்னு அதிர்ந்துக்கிட்டே இருந்துது. அவ பேசினதை எல்லாம் நான் காதுல வாங்கினேனோ என்னவோ, ஒரு பாதியைக் காதோரத்துலயே விட்டிருப்பேன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாளைக்கு உன் வீட்டுக்கு வர்ற பொண்ணு பேசும்போது போனைக் கீழ வை. அது முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சு வைக்காத. ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பு எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா யாரையும் பாதியில நிறுத்த மனசு வராது. இதைத் தவிர புருசன் பெண்டாட்டி விஷயத்துல சொல்றதுக்கு எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல.

பொண்ணு பாக்கப் போன கதையைச் சொல்லணும். அதை உங்கம்மா உங்கிட்ட மறைச்சிருப்பா. நான் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே மில்லுல தறி ஓட்டினவன்னு உனக்குத் தெரியும், மில்லை மூடின பிறகுதான் மேட்டுப்பாளையம் கம்பெனிக்குப் போனேன். தறி ஓடற ஷெட்டுல பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. அதனால அங்க யாரும் கத்தறதில்லை. உதட்டாலதான் பேச்சு, குரல் கொஞ்சமும் கிடையாது. வாயை நல்லா அகட்டி, குவிச்சு, பத்துத் தறி தள்ளி நிக்கிறவன்கிட்ட வீட்டுக் கதை பூரா சொல்லலாம். ப-வும் ம-வும் உதட்டுல ஒரே மாதிரி தெரியும்னு, ம-ன்னா மூக்கை லேசா தொட்டுக்குவோம். க உள்ளயே கெடக்குது, தெரியாது, அதை முன்ன பின்ன வச்சுப் புரிஞ்சுக்கணும். இந்தப் பேச்சை நான் உங்கம்மாவுக்குக் கத்துக் குடுத்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி எதிர்லயே, அவங்க எப்ப கெளம்புவாங்கன்னு பேசிக்குவோம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு உன் தலைக்கு மேலயும் நெறைய பேசியிருக்கோம். அதனாலதான் உனக்கு மட்டும் என் உதடு புரியாம போச்சு.

பழக்கம் விடுமா? தவளக்குப்பத்துல அந்தப் பொண்ணு வீட்டுல கேசரி குடுத்தாங்க. பொண்ணுக்கு அப்பா இல்ல, தாய்மாமன்தான் எல்லாம். அந்த மனுசன் உக்காந்த இடத்துல இருந்து பேசறாரு பேசறாரு, முடியல. நான் உங்கம்மாவைப் பாத்து உதட்டாலேயே சொன்னேன்: "பொண்ணு லட்சணமா இருக்கு. கேசரியில சக்கரையை மூட்டையோட கொட்டிட்டாங்க. இந்த மாமன்காரன் வாயே மூட மாட்டானா?" உங்கம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு அந்தாண்ட திரும்பினா. அங்க உள் வாசப்படியில பொண்ணோட அம்மா நிக்கிறாங்க. என்னை நேராப் பாத்து, சத்தமே இல்லாம, உதட்டை அழகா அகட்டிச் சொன்னாங்க: "சக்கரை எம்மவ போட்டது. எங்க அண்ணன் அப்படித்தான், பொறுத்துக்குங்க." மாமன்-ங்கற இடத்துல நான் மூக்கைத் தொட்டதைப் பாத்தே புடிச்சிருக்காங்க. அதே மில்லுல, நூல் சுத்தற வைண்டிங்ல இருந்தவங்களாம். கேசரி என் தொண்டையில, இல்ல, என் குழாயில சிக்கிக்கிச்சு. உங்கம்மா முகம் செத்துப் போச்சு. அந்த அம்மா மட்டும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போனாங்க. கோவமா சிரிப்பான்னு ரெண்டு நாள் வரைக்கும் தெரியல. மூணாவது நாள் சம்மதம்னு போன் வந்துது.

நிச்சயம் அவங்க வீட்டு வாசல்ல, பந்தல் போட்டு. காலையிலயே நல்ல வெயில். கடலூர் ரோட்டுல பஸ் மாத்தி பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவுது. நான் பயிற்சியில கத்துக்கிட்ட மாதிரி, ஒரு காத்துக்கு ஒரு சொல், அதுக்கு மேல பேராசைப்படக் கூடாதுன்னு மனசுல சொல்லிக்கிட்டே தட்டைப் புடிச்சேன். எதிர்ல மாமன்காரரு தட்டோட நிக்கிறாரு. உன் பெரியப்பா என் தோள் பக்கத்துல தயாரா நிக்கிறாரு, நான் விழுந்தா புடிக்கறதுக்கோ, தட்டைப் புடுங்கறதுக்கோ. முதல் தடவை, "பாக்கு." பந்தல் பூரா கேட்டுது. "உங்களுக்கு." அதுவும் பரவாயில்லை. "பொண்ணு" வரல. உதடு திறந்துது, நாக்கு மடிஞ்சுது, காத்து இல்ல. அவங்க பக்கத்துப் பெரியவர் ஒருத்தரு, "சபைக்குக் கேக்கலீங்களே"ன்னாரு. நல்ல மனுசன்தான், வழக்கத்தைத்தான் சொன்னாரு. ரெண்டாவது தடவை பயத்துல காத்து வயித்துக்குள்ளயே போயிடுச்சு, பாக்கும் வரல. எங்கயோ ஒரு சின்னப் புள்ள சிரிச்சுது. உன் பெரியப்பா, "குடுறா, நான் சொல்லிடறேன்"னு தட்டு மேல கை வச்சாரு. நான் விடல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பந்தல்ல தட்டை இழுத்துக்கிட்டு நின்னோம், வெத்தலை ஒண்ணு கீழ விழுந்துது. அப்ப நெனச்சேன் தம்பி, நீ சொன்னதுதான் சரியோன்னு. போன்ல போட்டிருந்தா கௌரவமா முடிஞ்சிருக்குமேன்னு. நெஜமா அழுகை வந்துடுச்சு.

மூணாவது தடவை யாரையும் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டேன். ஒவ்வொரு சொல்லா சொன்னேன், நடுவுல நின்னு நின்னு. இன்னா வந்துது, எவ்வளவு வந்துதுன்னு எனக்கே தெரியல, நம்ம ஏப்பம் நம்ம காதுக்கு இடி மாதிரிதான் கேக்கும். கண்ணைத் திறந்தா பந்தல் அப்படியே இருக்கு. பெரியவரு பக்கத்துல இருந்தவருகிட்ட, "என்ன சொன்னாரு?"ன்னு கேக்கறாரு. மாமன்காரரு, அவ்வளவு பேசற மனுசன், வாயைத் திறக்காம முழிக்கிறாரு. அப்ப வாசப்படிக்குப் பின்னாடி இருந்து அந்த அம்மா வெளிய வந்தாங்க. புருசன் போனவங்க தட்டு மாத்தற இடத்துக்கு வர்றதில்லைன்னு அதுவரைக்கும் உள்ளயே நின்னவங்க. பொம்பளைங்க ரெண்டு பேரு முந்தானையைப் புடிச்சு இழுத்தும் நிக்கல. நேரா பந்தலுக்கு நடுவுல வந்து, வைண்டிங் மிஷினு சத்தத்துக்கு மேல பேசற மாதிரி ஒரு குரல்ல சொன்னாங்க: "எனக்குக் கேட்டுது. மூணு தடவையும் கேட்டுது. பெத்தவ நான். பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு."

மாமன்காரரு தட்டை நீட்டினாரு, நான் வாங்கிக்கிட்டேன். அந்த அம்மா காதால கேட்டாங்களா, கண்ணால கேட்டாங்களான்னு நான் அப்புறமும் கேக்கல, கேக்கவும் மாட்டேன். எனக்கு அதுல ஆராய்ச்சி இல்ல. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு மனுஷி என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவ்வளவு பேர் இருந்த பந்தல்ல அவங்க ஒருத்தர்தான், நான் இப்ப சொல்லிடுவேன், இப்ப சொல்லிடுவேன்னு நம்பிக்கிட்டு நின்னவங்க. அந்த வீட்டுப் பொண்ணைத்தான் நீ கட்டப் போற.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது அம்மாகிட்ட குடுன்னு சொல்லாத. எங்கிட்ட எதனா ஒண்ணு கேளு. சாப்பிட்டியாப்பான்னு கேட்டாலும் போதும். கேட்டுட்டு என் முகத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இரு. காத்தை உள்ள அனுப்பி வெளிய கொண்டு வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆவும். அந்த நேரத்துல லைன் கட்டாயிடுச்சோன்னு அலோ அலோங்காத. நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன்.